நாசிக் ஒயின் தோட்டத்துக்கு ஒரு நாள் பயணமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மே மாதம் பள்ளிக்கூட லீவு, குடும்பத்தோடு ஷீரடி போகிறோம், அப்படியே நாசிக்கில் ஒயின் தோட்டத்தையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. போய் இறங்கினால் கொளுத்துகிற வெயில், கம்பியில் கட்டிவிட்ட கொடி, இலை. திராட்சை மட்டும் ஒரு கொத்துகூட இருக்காது. ஏமாந்து போய், இருக்கிற இலையோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

மாதத்தைத் தப்பாகப் பிடிப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். நம் ஊர்க்காரர்களுக்கு இது வருவதில் ஆச்சரியமில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்துப் பந்தலில் பழுத்துத் தொங்கிக்கொண்டேதான் இருக்கும், அதைப் பார்த்துப் பழகிய கண் நாசிக்கிலும் அதையே எதிர்பார்க்கும். இன்னொரு பக்கம், வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு செப்டம்பர், அக்டோபரில் அறுவடை இருக்கும் என்று வருகிறவர்கள். அந்த மாதங்களில் நாசிக்கில் நடப்பது அறுவடை இல்லை, கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் கொடி தானாகவே இலை உதிர்த்துத் தூங்கிவிடும். நாசிக் இருப்பது வெப்ப மண்டலத்தில், 20 டிகிரி அட்சரேகையை ஒட்டி. கொடியைத் தூங்கவைக்கிற அளவுக்குக் குளிர் அங்கே கிடையாது, அதனால் அந்த வேலையைக் கத்தரி செய்கிறது. ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து. கோடை வெயிலில் புதுக் கிளை வளர்ந்து, அடுத்த காய்ப்புக்கான மொட்டு அதற்குள்ளேயே உருவாகிவிடும். மழைக்காலம் முழுக்க வெறும் இலையாகவே விட்டுவிடுவார்கள், அப்போது காய்த்தால் அழுகலும் பூஞ்சை நோயும் தின்றுவிட்டுப் போய்விடும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது கவாத்து, அதற்குப் பிறகுதான் பூ, பிஞ்சு எல்லாம். பழுக்கிற சமயத்தில் மழையும் இல்லை, ராத்திரியில் நல்ல குளிர். நாசிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம் என்பதால் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் ஸ்வெட்டர் தேவைப்படும். அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. பழத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் போங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் இகத்புரி மலையெல்லாம் பச்சைப்பசேலென்று அருவியாகக் கொட்டும், அதற்காகப் போவது வேறு விஷயம், தாராளமாகப் போகலாம்.

சரி, மாதம் சரியாகப் பிடித்தாயிற்று. அப்புறம் ஜனவரி 26 விடுமுறையோடு சேர்த்துத் தேதி போடுவார்கள் பாருங்கள், அங்கே இன்னொரு சறுக்கல். குடியரசு தினம் மகாராஷ்டிரத்தில் மது விற்பனை இல்லாத நாள். ஒயினை ருசி பார்க்கிற டேஸ்டிங் கிடையாது, பாட்டிலும் வாங்க முடியாது. தேர்தல் சமயத்திலும் இப்படி மூடுவார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், கேட்கிற கையோடு டேஸ்டிங்குக்கு நேரத்தையும் பதிவு செய்துவிடுங்கள். அறுவடைக்காலச் சனி, ஞாயிறுகளில் பதிவில்லாமல் போனால் பாதி நாள் வரிசையிலேயே போய்விடும். முடிந்தால் வாரநாளில் போங்கள், ஊற்றிக் கொடுக்கிறவருக்கு உங்களோடு இரண்டு வார்த்தை பேசவும் நேரம் இருக்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிப்பது நம்மவர்களின் தனி வியாதி. காலையில் ஷீரடி தரிசனம், மதியம் ஒயின் தோட்டம், சாயங்காலம் திரியம்பகேஸ்வரர். நாசிக்கிலிருந்து ஷீரடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஒரு திசையில், திரியம்பகம் 30 கிலோமீட்டர் வேறொரு திசையில். குடித்துவிட்டுக் கோயில் வரிசையில் நிற்பது சரியா என்கிற கேள்வியை விடுங்கள், நேரமே போதாது. கோயில் ஒரு நாள், தோட்டம் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் கூட வரும் பெரியவர்களுக்கும் நிம்மதி. 2027 கும்பமேளாவை ஒட்டிய நாட்களில் தோட்டம் பார்க்கிற எண்ணத்தையே விட்டுவிடலாம், ஊருக்குள் நுழைவதே பெரும்பாடாக இருக்கும்.

தோட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. ராஜீவ் சாமந்த் கங்காபூர் அணைப் பக்கம் தொடங்கிய சுலா ஒயின் நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல் வந்தது. அடுத்த வருஷமே மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச்சலுகை கொடுத்ததும் ஆளாளுக்கு ஒரு மூலையில் தொடங்கினார்கள். கங்காபூர் பக்கம் சில, வடக்கே திண்டோரி பக்கம் சில, மும்பை வரும் வழியில் இகத்புரி, சஞ்சேகாவ் பக்கம் சில. ஒரு நாளில் போய்விட்டு வருவதென்றால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஒயினரிக்கு மேல் வேண்டவே வேண்டாம். மூன்றாவது இடத்தில் நாக்கும் வேலை செய்யாது, காலும் வேலை செய்யாது.

மும்பையிலிருந்து ரயிலில் போகிறவர்கள் பஞ்சவடி எக்ஸ்பிரஸ் என்ற பெயரைப் பார்த்ததும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அது நாசிக் ஆட்கள் மும்பைக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிற வண்டி, மும்பையிலிருந்து கிளம்புவதே சாயங்காலம்தான். உங்களுக்கு வேண்டியது காலையில் ஆறு மணியை ஒட்டிக் கிளம்பும் தபோவன் எக்ஸ்பிரஸ் அல்லது ஷீரடி வந்தே பாரத். இறங்குகிற நாசிக் ரோடு ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து கங்காபூர் பக்கம் போக டவுனைத் தாண்டித்தான் போக வேண்டும். போவதற்கு வண்டி உடனே கிடைக்கும். தோட்டத்திலிருந்து சாயங்காலம் திரும்புவதற்குக் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு, அதனால் போகிற வண்டியையே நாள் வாடகைக்குப் பேசி நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள்.

காரில் போனால் ஓட்டுவதற்கு டிரைவர் வேண்டும். நான்தானே ஓட்டுகிறேன், இரண்டு வாய்தான் குடிப்பேன் என்கிற கதையெல்லாம் வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2025 ஜூனில் மும்பை-நாக்பூர் சம்ருத்தி விரைவுச் சாலையின் கடைசிப் பகுதி இகத்புரியிலிருந்து மும்பைப் பக்கத்து ஆமனே வரை திறந்துவிட்டதால் கசாரா மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்கிற தொல்லை குறைந்திருக்கிறது. ஆனால் நல்ல ரோட்டில் அரைமயக்கத்தில் வேகமாகப் போவது அதைவிட ஆபத்து.

சாப்பாட்டில் செய்கிற தவறு கொஞ்சம் ருசியான தவறு. நாசிக் போனால் மிசல் (முளைகட்டிய பயறில் செய்கிற காரமான பண்டம்) சாப்பிடாமல் வரக்கூடாது என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் சிவக்கச் சிவக்க எண்ணெய் மிதக்கிற அந்தக் காரக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரத்தில் டேஸ்டிங் மேஜைக்குப் போனால், ஆல்கஹால் பட்டதும் காரம் இன்னும் ஏறும், சிவப்பு ஒயினின் துவர்ப்பு தாங்காது, எல்லா ஒயினும் ஒரே மாதிரி எரியும். மிசலை ஒயினெல்லாம் முடிந்த பிறகு சாப்பிடுங்கள், அல்லது விடிந்ததும் சாப்பிட்டுவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போங்கள். வெறும் வயிற்றோடு போவதும் கூடாது, இட்லி மாதிரி காரமில்லாமல் ஏதாவது போதும்.

மூக்கையும் காப்பாற்ற வேண்டும். ஒயினில் பாதி வாசனைதான். தலை நிறைய மல்லிகைப்பூ, மேலே சென்ட், வாயில் பீடா, இந்த மூன்றோடும் போய் நின்றால் உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஒன்றும் தெரியாது. பூவைத் திரும்பி வரும்போது வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

டேஸ்டிங்கில் ஒவ்வொன்றிலும் சுமார் 30 மில்லி ஊற்றுவார்கள். ஐந்தாறு வகை என்றால் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய கிளாஸ் ஒயின் ஆகிவிடும், அதுவும் வெயிலில் நடந்துவிட்டு வந்து, நின்றுகொண்டே, அரை மணி நேரத்துக்குள். மேஜையில் வைத்திருக்கும் பாத்திரம் துப்புவதற்குத்தான். காசு கொடுத்ததைத் துப்புவதா என்று நம் ஆட்களுக்கு மனசே வராது. வாயில் நன்றாகச் சுழற்றிவிட்டுத் துப்பினாலும் ருசி முழுசாகத் தெரியும், பிடித்த ஒன்றை மட்டும் விழுங்குங்கள். நுரைக்கிற ஒயின், வெள்ளை, ரோஸ், சிவப்பு, கடைசியில் இனிப்பு என்று அவர்கள் கொடுக்கிற வரிசையையும் மாற்றச் சொல்லாதீர்கள். சிவப்பைக் குடித்துவிட்டு வெள்ளைக்கு வந்தால் அது தண்ணீர் மாதிரி இருக்கும்.

அதேபோல், சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக்கூடாது, அறை வெப்பத்தில்தான் குடிக்க வேண்டும் என்று எங்கேயோ படித்ததை இங்கே வந்து பேசாதீர்கள். அது ஐரோப்பாவின் அறை, 16, 18 டிகிரி. மார்ச் மதியத்தில் நாசிக் அறை 35 டிகிரி. கொஞ்ச நேரம் குளிரவைத்துத் தரச் சொல்லுங்கள், சாராய நெடி அடங்கிப் பழ வாசனை மேலே வரும். முதன்முதலாகக் குடிப்பவர்கள் ஷிராஸ், கேபர்னே மாதிரி சிவப்பு ஒயினில் ஆரம்பித்து, நாவல்பழம் தின்ற மாதிரி வாய் இழுத்துக்கொண்டதும் ஒயினே இப்படித்தான் போல என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லேசான இனிப்புள்ள செனின் பிளாங் என்கிற வெள்ளை ஒயின் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், நம் மசாலாச் சாப்பாட்டுக்கும் அதுதான் ஒத்துப்போகும்.

தோட்டத்துக்குள் பழத்தைப் பறிக்காதீர்கள். அடுத்தவர் விளைச்சல் என்பது ஒரு பக்கம். இலையையும் கொத்தையும் கிட்டப் போய்ப் பாருங்கள், நீலம் கலந்த வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஏதாவது படிந்திருந்தால் அது போர்டோ கலவையாக இருக்கலாம், மயில்துத்தமும் சுண்ணாம்பும். கண்ணுக்குத் தெரியாத மருந்துகளும் உண்டு. பறித்துத் துப்பட்டாவில் துடைத்துக் குழந்தை வாயில் போடுகிற பழமில்லை அது. ருசி பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், அவர்களே காட்டுவார்கள். மணி சின்னது, தோல் தடிமன், உள்ளே கொட்டை, கடையில் வாங்குகிற விதையில்லாத பச்சைத் திராட்சையைவிட இனிப்பு தூக்கலாக இருக்கும். ஹீல்ஸ் செருப்பு வேண்டாம், வரிசை நெடுக சொட்டுநீர்க் குழாய் ஓடும், மண்ணும் புதையும்.

அறுவடை பார்க்கப் பதினொரு மணிக்கு வந்து நின்றால் பறிப்பு முடிந்திருக்கும். பழம் சூடாகக்கூடாது என்று ராத்திரியிலோ விடிகாலையிலோ பறித்துவிடுவார்கள். அப்போதும் கூடை கூடையாகப் பழம் வந்து இறங்குவதையும், இயந்திரம் காம்பை ஒரு பக்கம் துப்பிவிட்டுப் பழத்தை மறுபக்கம் அனுப்புவதையும் பார்க்க வாய்ப்பு உண்டு, சுற்றிக்காட்டும்போது தொட்டிகளோடு நின்றுவிடாமல் அதையும் கேளுங்கள். தொட்டியில் கால் வைத்துத் திராட்சை மிதிக்கிற நிகழ்ச்சி வேடிக்கைக்கு, ஒயின் அதில் செய்வதில்லை. நொதிக்கிற தொட்டியின் வாயில் தலையை நீட்டிப் பார்க்காதீர்கள், மேலே நிற்பது கார்பன் டை ஆக்சைடு, ஒரே மூச்சில் தலை சுற்றும்.

பாட்டில் வாங்கும்போது, பழசாக இருந்தால்தான் நல்லது என்று தேடாதீர்கள். இங்கத்து வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வருஷத்துக்குள் குடிக்க வேண்டியவை, லேபிளில் அறுவடை வருஷம் இருக்கும், புதியதாகப் பார்த்து எடுங்கள். வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வாங்கிக் கார் டிக்கியில் போட்டுவிட்டு ஊர் சுற்றினால் சாயங்காலத்துக்குள் ஒயின் வெந்துவிடும், சில சமயம் கார்க் வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

மாநில எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு இன்னொன்று. நாசிக்குக்கு வடக்கே கொஞ்சத் தூரத்தில் குஜராத், அங்கே மதுவிலக்கு, அங்கிருக்கிற சபுதாரா மலையைச் சுற்றிவிட்டு வரலாம் என்று பாட்டிலோடு கிளம்பினால் எல்லையில் மாட்டுவீர்கள். தமிழ்நாட்டுக்குச் சாலை வழியாகக் கொண்டுவருவதும் வம்பு, புதுச்சேரிப் பாட்டிலோடு சோதனைச் சாவடியில் நிற்கிறவர்கள் கதை நமக்குத் தெரியாததா? விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும், அப்போதும் இறங்குகிற மாநிலத்தின் சட்டம் என்ன என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மும்பையிலேயே சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கேயே திறந்து முடித்துவிடுவது உத்தமம்.