சீசன் ஆரம்பத்துல காலேஜ் பாஸ்கெட்பால் எப்படி பாக்குறது?

அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் நவம்பர் ஆரம்பத்துல தொடங்கும், அப்ப வர்ற ஏபி டாப் 25 லிஸ்ட்ட (பத்திரிகைக்காரங்க ஓட்டு போட்டு எடுக்குற டாப் 25 டீம் வரிசை) பாத்து டென்ஷன் ஆகாதீங்க, அது வெறும் கணிப்புதான். மொதல்ல உங்க டீமோட ரோஸ்டர, அதாவது ஆட்டக்காரங்க லிஸ்ட்ட பாருங்க, ஆட்டக்காரங்க காலேஜ் மாற பேர் குடுக்குற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்ததுல இருந்து போன வருஷம் நீங்க கைதட்டுன ஆளு இப்ப எதிர் டீம் ஜெர்சில நிப்பாரு.

சின்ன டீம 40 பாயிண்ட்ல அடிச்சா துள்ளாதீங்க, பெரிய காலேஜுங்க காசு குடுத்து கூட்டிட்டு வர்ற மேட்ச் அதுல நெறைய. ஸ்கோர விட யாரு எத்தன நிமிஷம் ஆடுறாங்க, டர்ன்ஓவர் (பந்த எதிர் டீம்கிட்ட விட்டுடறது) எவ்ளோ, ரீபவுண்ட் (கூடைல விழாம திரும்பி வர்ற பந்து) யாரு புடிக்கிறாங்கன்னு கவனிங்க. ரெண்டு மேட்ச்ல மூணு பாயிண்ட் ஷாட்டா விழுந்தா அத நான் நம்பவே மாட்டேன்.

நெஜமான டெஸ்ட்னா சாம்பியன்ஸ் கிளாசிக்தான், டியூக், கேன்சஸ், கென்டக்கி, மிச்சிகன் ஸ்டேட்னு நாலு பெரிய காலேஜ் டீம் மோதுறது. அப்புறம் நவம்பர் கடைசில தேங்க்ஸ்கிவிங் வாரத்துல மாவி டோர்னமென்ட், மூணு நாள்ல மூணு மேட்ச், பெஞ்சுல உக்காந்திருக்குற மாத்து ஆளுங்ககிட்ட தெறமை இருக்கா இல்லையான்னு அங்க தெரிஞ்சிடும்.

டீம்களோட பலத்த புள்ளிவிவரத்துல கணக்கு போடுற கென்பாம் ரேட்டிங் பாக்கலாம், ஆனா ஆரம்பத்துல அதுல சீசனுக்கு முந்தின கணிப்பும் கலந்திருக்கும். காலேஜ் விளையாட்ட நடத்துற என்சிஏஏவோட நெட் ரேங்கிங் டிசம்பர்லதான் வரும். நவம்பர் தோல்வி தானேன்னு விட்றாதீங்க, மார்ச்ல என்சிஏஏ டோர்னமென்ட்டுக்கு டீம் தேர்ந்தெடுக்க கமிட்டி உக்காரும்போது அதையும் எடுத்து பாப்பாங்க.