சூரியக் காற்றைச் சோளகம் என்று நினைக்காதீர்கள்

சிறுபோக வெயிலில் கிளிநொச்சி காய்ந்து கிடந்த ஒரு நாள், உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “சேர், இந்த வெக்கை சூரியப் புயலாலயோ?” வட்ஸ்அப்பில் வந்ததாம். இல்லை. எங்களைச் சுடுவது சூரிய ஒளி. அது எட்டு நிமிடத்தில் வந்துவிடும். சூரியப் புயல் என்பது சூரியக் காற்றின் சீற்றம். சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே பாயும் அந்தக் காற்று வேறு சாமான். புரோத்தன், இலத்திரன், கொஞ்சம் ஈலியம் கலந்த பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துணிக்கைகளாலான வாயு அது. செக்கனுக்கு 400 கிலோமீற்றர் ஓடியும் பூமிக்கு வர நாலு நாள் பிடிக்கும். வந்ததில் பெரும்பகுதியைப் பூமியின் காந்தப்புலம் விலக்கிவிடும். சோளகம் போல முகத்தில் அடிக்காது.

பூமிக்கு அருகே சூரியக் காற்றின் புரோத்தன்கள் ஏறக்குறைய ஓர் இலட்சம் பாகையில் இருக்கின்றன என்றால், விண்கலம் உருகிவிடாதா என்கிறார்கள். உருகாது. ஒரு கன சென்ரிமீற்றரில் ஐந்தாறு துணிக்கைகள்தான். பேக்கரிப் போறணைக்குள் கையை விட்டால் உள்ளே இருக்கும் சூட்டை ஒரு கணம் தாங்கலாம். அதே சூட்டில் கிடக்கும் தட்டில் பட்டால் தோல் கழன்றுவிடும். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு.

பெரிய தவறு இனித்தான். ‘சூரியனில் சூடாகிப் புறப்பட்டது, வழிநெடுக ஆறுகிறது’ என்று விட்டுவிடுவது. புறப்படும் இடத்தில் பத்து இலட்சம் பாகைக்கு மேல், உண்மை. விரியும் வாயு குளிரும், அதுவும் உண்மை. ஆனால் வெறுமனே விரிந்தால் தூரம் எட்டு மடங்காகும்போது வெப்பநிலை பதினாறில் ஒரு பங்காக விழவேண்டும். அளந்து பார்த்தால் அவ்வளவு விழவில்லை. வழியில் யாரோ அடுப்புக்கு விறகு தள்ளுகிறார்கள். அதிகம் சந்தேகிக்கப்படுவது கொந்தளிப்பு.

இரணைமடுக் குளம் வான் பாயும்போது கதவடியில் நின்று கொந்தளிப்பைப் பாருங்கள். பெரிய சுழி உடைந்து சின்னச் சுழியாகும். அது இன்னும் சின்னதாகும். கடைசியில் தண்ணீரின் பிசுக்குமை, அதாவது அதன் உள் உராய்வு, அந்தச் சக்தியை வெப்பமாக்கிவிடும். பெரிய சுழியின் சக்தி சின்னதற்கு எந்தக் கணக்கில் இறங்குகிறது என்று ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மகோரவ் 1941இல் சொன்னார். சூரியக் காற்றின் காந்தப்புல ஏற்ற இறக்கங்களிலும் ஏறக்குறைய அதே கணக்கு தெரிகிறது. சரி, அப்போ இரண்டும் ஒன்றுதானே?

அங்கேதான் சறுக்கும். தண்ணீரில் மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதுகின்றன. சூரியக் காற்றிலோ ஒரு புரோத்தன் ஒருமுறைகூடச் சரியாக மோதாமல் பூமிவரை வந்துவிடலாம். மோதல் இல்லை என்றால் வழமையான பிசுக்குமையும் இல்லை. சுழி சுமார் 100 கிலோமீற்றர் அளவுக்குச் சிறுத்ததும், அதாவது புரோத்தன் காந்தக்கோட்டைச் சுற்றும் வட்டத்தின் அளவுக்கு வந்ததும், மின்புலமும் அலைகளும் நேரடியாகத் துணிக்கைகளுக்குச் சக்தியைக் கொடுக்கின்றன. எந்த வழியில் எவ்வளவு என்பதில் இன்றும் இழுபறி. மோதாததால் சூட்டைப் பகிர்வதும் இல்லை: புரோத்தனுக்கு ஒரு வெப்பநிலை, இலத்திரனுக்கு இன்னொன்று, ஈலியத்துக்கு வேறொன்று, காந்தக்கோட்டின் நெடுகே ஒன்று, குறுக்கே ஒன்று. ‘வெப்பநிலை என்ன?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது.

அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பாலத்தில் நின்று கீழே போகும் சுழிகளை எண்ணுவது போலத்தான் ஒற்றை விண்கலம் அளக்கிறது. பூமிக்கு அருகே காற்றின் வேகம் அலைகளின் வேகத்தை விடப் பல மடங்கு என்பதால், நேரத்தைத் தூரமாக மாற்றிக்கொள்ளலாம். அதே வசதியைச் சூரியனுக்குப் பக்கத்தில் போன பார்க்கர் விண்கலத்தின் தரவில் கண்ணை மூடிக்கொண்டு பாவித்தால் பிழைக்கும்; அங்கே அலையும் வேகமாக ஓடும். ஒற்றைக் கலத்தின் இந்தச் சிக்கலுக்காகத்தான் 2000இல் கிளஸ்ரர், 2015இல் எம்எம்எஸ் என்று நாலு நாலு கலங்களாகச் சேர்த்து அனுப்பினார்கள்.

போன தவணை ஒரு பெடியன் எம்எம்எஸ் தரவை வரைபாக்கிக்கொண்டு ஓடிவந்தான். புரோத்தன் வெப்பநிலை ஓரிடத்தில் செங்குத்தாக ஏறியிருந்தது. “கொந்தளிப்பு சூடாக்கிற இடத்தைப் பிடிச்சிட்டன் சேர்!” வேகத்தைப் பார் என்றேன். அதே இடத்தில் அது பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. கலம் பூமிக்கு முன்னால் நிற்கும் அதிர்ச்சி முகப்பை, அதாவது சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தால் தடுக்கப்பட்டுத் திடீரென வேகம் குறையும் எல்லையை, தாண்டி உள்ளே வந்திருக்கிறது. அவன் வரைந்த மீதி அரைவாசி சூரியக் காற்றே இல்லை.