குடும்பத்தில் முதல் வழக்கறிஞர்: நீதிமன்றத்தில் காலூன்றுவது எப்படி

வீட்டில் எவரும் கறுப்பு அங்கி அணிந்திராத நிலையில் சட்டம் படிக்க வருபவருக்கு, அமர்ந்து பழக அப்பாவின் அலுவலகம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள மாமா இல்லை. முதல் வழக்கைக் கொண்டுவரும் பழைய கட்சிக்காரரும் இல்லை. நானும் அப்படி வந்தவன்தான். பட்டமும் பதிவும் நீதிமன்றத்தில் நிற்கும் உரிமையைத் தருகின்றன. ஆனால் வழக்குக் கட்டைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்ளும்போதுதான் தொழில் கைக்கு வருகிறது என்பதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு வரும் முதல் தலைமுறையினர் அதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டப் படிப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் ஐந்தாண்டுப் படிப்பிலும், பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைக்கிறது. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் கிளாட் என்ற அகில இந்தியச் சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாகத் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்கள், கட்டணம் செலுத்துவதற்கு முன்பே தங்கள் தகுதியை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அத்தகைய பட்டத்தை அடிப்படையாகக் கொண்ட சட்டப் படிப்பை, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகள் ஏற்பதில்லை. இதை அறியாமல் ஆண்டுகளை இழந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவுசெய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். இதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருப்பது, கையில் பணமில்லாத பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். பிறகு, தொடர்ந்து தொழில் செய்யத் தேறியாக வேண்டிய அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது. அதைத் தமிழிலும் எழுதலாம். குறிப்புகள் எழுதப்படாத சட்ட நூல்களை உடன் கொண்டு செல்லவும் அனுமதி உண்டு. ஆகவே அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்த முடிவுதான் மிக முக்கியமானது: யாரிடம் ஜூனியராகச் சேர்வது? பெயர்ப் பலகையைப் பார்த்துச் சேர வேண்டாம். பதிவு முடிந்ததும் ஒரு மாதம் உங்கள் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலும் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும் பின் வரிசையில் அமர்ந்து கவனியுங்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது யார் குரலை உயர்த்தாமல் வேண்டிய பதிலை வாங்குகிறார், யார் வாய்தா மட்டுமே கேட்கிறார், எந்த சீனியரின் ஜூனியர்கள் எழுந்து பேசுகிறார்கள், யாருடைய ஜூனியர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டு மட்டுமே சுமக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். ஒரு சீனியர் தம் குமாஸ்தாவிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும் பாருங்கள். நாளை உங்களிடமும் அப்படித்தான் பேசுவார். உயர் நீதிமன்றத்தில் தொடங்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. என் கருத்தில், முதல் மூன்று ஆண்டுகளாவது விசாரணை நீதிமன்றத்தில் இருப்பதே நல்லது, ஏனெனில் சாட்சியம் உருவாகும் இடத்தைக் கண்ணால் காணாதவருக்கு மேல்முறையீட்டுக் கட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியாது.

சேர்ந்த பிறகு, சீனியர் கொடுக்கும் ஒவ்வொரு கட்டையும் மூன்று முறை படியுங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை தேதிகளுக்காக, எழுதுகோலும் தாளுமாக. மூன்றாம் முறை ஆவணங்களின் பின்பக்கத்துக்காக. பின்பக்கம் என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கடன் பத்திர வழக்கு ஒன்றில் பத்திரத்தின் தேதியிலிருந்து மூன்றாண்டுகள் கடந்திருந்தால், காலவரம்பு முடிந்துவிட்டது என்று முன்பக்கத்தைப் பார்த்தவர் சொல்லிவிடுவார். அதைத் திருப்பினால், அந்த மூன்றாண்டுகளுக்குள் கடனாளி ஐந்நூறு ரூபாய் கொடுத்து, வரவு எழுதிக் கையொப்பம் இட்டிருக்கலாம். 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், பிரிவு 19இன்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்றாண்டுகள் தொடங்குகின்றன. ஒரு வழக்கின் உயிர் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

நில வழக்குகளில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் நான்கெல்லை இவ்வாறு இருந்தது: ‘பெருமாள் கோயில் நிலத்துக்குக் கிழக்கு, ஏரி வாய்க்காலுக்கு மேற்கு.’ ஆங்கிலத்தில் வழக்குரை தயாரிக்கும்போது, நம் நிலத்தின் கிழக்கு எல்லை கோயில் நிலம், மேற்கு எல்லை வாய்க்கால் என்று எழுதிவிட்டேன். கோயில் நிலத்துக்குக் கிழக்கே நம் நிலம் இருக்கிறது என்பதே அதன் பொருள். அதாவது கோயில் நிலம் நமக்கு மேற்கே இருக்கிறது. என் சீனியர் ஒன்றும் சொல்லாமல் தாளின் ஓரத்தில் சிறு கட்டம் ஒன்று வரைந்து, அதன் இரு பக்கமும் கோயிலையும் வாய்க்காலையும் குறித்து, என்னிடம் நீட்டினார். அந்த வழக்குரை அப்படியே தாக்கலாகியிருந்தால் எங்கள் கட்சிக்காரர் வேறொருவர் நிலத்தைக் கேட்டு நின்றிருப்பார். அன்றிலிருந்து சொத்து விவரத்தை எழுதும் முன் வரைபடம் போடாமல் இருந்ததில்லை, நீங்களும் போடுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் படிக்கக் கற்பதற்குத் தாலுகா அலுவலகத்தில் சில நாட்கள் செலவிட்டால் போதும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான டி. முத்துசாமி ஐயர், ஏழ்மையின் காரணமாகச் சிறு வயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். உயர் நீதிமன்றத்தில் உள்ள அவருடைய சிலையைக் கடக்கும்போதெல்லாம், இந்தக் காகிதங்களின் மொழியை அவர் அந்தக் கணக்கரிடமே கற்றிருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

குமாஸ்தாவை ஆசிரியராக மதியுங்கள். மனுவில் கோர்ட் கட்டண வில்லையை எங்கே ஒட்டுவது, வக்காலத்தில் (கட்சிக்காரர் தமக்காக வாதாட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எந்தக் கையொப்பம் விடுபட்டால் கட்டு திரும்பி வரும், நகல் மனுவை எந்தப் பிரிவில் கொடுப்பது என்பதையெல்லாம் அவர்தான் சொல்லித்தருவார். உங்களுக்கென்று ஒரு கோர்ட் டைரி வைத்து, வழக்கு எண், அன்று நடந்தது, அடுத்த வாய்தா ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலி இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். குற்ற வழக்கில் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் காவலில் இருப்பவருக்குப் பிணை உரிமையாகிவிடுகிறது. அதைக் கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஜூனியர்தான் அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்புகிறார். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமும், பின் நடந்தவற்றுக்கு அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் பொருந்துவதால், இரண்டையும் மேசையில் வைத்திருங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். தொடக்க ஆண்டுகளில் பல அலுவலகங்களில் பேருந்துச் செலவுக்கே திண்டாட்டம்தான். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கூறியது. சேரும் நாளிலேயே அதைச் சுட்டிக்காட்டி மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞர் தொழில் செய்ய விதி இடம் தராது என்பதால், வீட்டில் இரண்டாண்டுச் செலவைக் கணக்கிட்டுப் பேசிவிட்டு வருவது நல்லது. இடையில் நின்றுபோனவர்களும் திரும்பி வரலாம். சத்யஸ்ரீ ஷர்மிளா சட்டம் படித்து முடித்துப் பல ஆண்டுகள் கழித்து, 2018இல் இந்தியாவின் முதல் திருநங்கை வழக்கறிஞராக இதே பார் கவுன்சிலில் பதிவுசெய்தார்.

நீதிபதியாக விரும்புவோரும் இந்த ஆண்டுகளைத் தாண்டியே செல்ல வேண்டும். உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மீண்டும் விதித்திருக்கிறது.

உங்கள் பெயரில் முதல் வக்காலத்து வரும் நாளில், கட்சிக்காரர் சொல்வதை அவர் முன்னிலையிலேயே தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெறுங்கள். வாங்கும் கட்டணத்துக்கு ரசீது கொடுங்கள். அசல் பத்திரங்களை வாங்கும்போது தேதியுடன் பட்டியலிட்டு, ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். இரும்புப் பெட்டிக்குள் துணியில் சுற்றிப் பல ஆண்டுகள் காத்த காகிதத்தை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் ஒருவருக்கு, அன்றிரவு அந்தப் பட்டியல்தான் தூக்கம் தரும்.