குபர்நெட்டிஸ் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லடியில் மாலை வேளைகளில் இளையோருக்குக் குபர்நெட்டிஸ் (கொள்கலன்களில் ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) சொல்லிக்கொடுக்கும் எனக்கு, ஏனைய தவறுகளுக்கெல்லாம் தாயாகத் தெரிவது பொட்டை நிலையான கணினியாக எண்ணிவிடுவதுதான். கொள்கலன் என்பது செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் தனியே அடைத்து ஓடவிடும் பொதி; ஒன்றோ பலவோ கொள்கலன்கள் சேர்ந்து ஓடும் சிறு அலகே பொட். சென்ற மாரியில் ஒரு மாணவி, கல்முனையில் உள்ள தன் மாமாவின் கடைக்கு இருப்புக் கணக்குச் செயலி ஒன்றைச் செய்து, தரவுத்தளத்தைச் சாதாரண டிப்ளோய்மென்ட் (பொட்களை உருவாக்கி, தேவைப்படும்போது மாற்றிவைக்கும் அமைப்பு) ஒன்றில் ஓடவிட்டிருந்தார். எது எப்படி ஓட வேண்டும் என்று அறிவிக்கும் யாமல் (YAML) கோப்பில் ஒரு வரியை மாற்றியதும் பழைய பொட் நீக்கப்பட்டுப் புதியது எழுந்தது. மூன்று நாட்களாகப் பதிந்த கணக்கு முழுவதும் போய்விட்டது. கொள்கலனுக்குள் எழுதப்படுவது அக்கொள்கலனோடு அழியும். பொட்டுக்கெனத் தற்காலிகமாக ஒதுக்கப்படும் எம்ப்டிடிர் (emptyDir) வகைச் சேமிப்பிடம் கொள்கலன் மறுபடி தொடங்கினாலும் தங்கும். ஆனால் பொட் நீங்கும்போது அதுவும் நீங்கிவிடும். ஆகையால், காக்க வேண்டிய தரவுக்குப் பெர்சிஸ்டன்ட் வொலியூம் கிளெய்ம் (பொட் நீங்கினாலும் தங்கும் சேமிப்பிடத்தைக் கேட்கும் கோரிக்கை) எழுதுவதை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

ஓடும் பொட்டினுள் நுழைந்து கையால் திருத்துவதும் இதே வேரில் முளைப்பது. கோப்பில் நாம் அறிவித்த நிலையையே குபர்நெட்டிஸ் திரும்பத் திரும்பக் கொண்டுவர முயலும் என்பதால், கோப்பில் ஏறாத திருத்தம் அடுத்த பொட்டில் இராது.

கோப்பில் நாம் இட்ட நினைவக வரம்பைத் தாண்டும் கொள்கலன் கொல்லப்பட்டு 137 என்ற வெளியேற்றக் குறியீட்டைக் காட்டும். சிபியு வரம்பை எட்டினாலோ வேகம் மட்டுமே குறைக்கப்படும். இந்த வேறுபாடு தெரியாமல் செயலியில் பிழை தேடி இரவுகளைக் கழித்தவர்களை நான் அறிவேன், அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. கொள்கலன் விழுந்து விழுந்து எழும்போது மறுதொடக்க இடைவெளி 10, 20, 40 நொடி எனப் பெருகி 5 நிமிடம் வரை செல்லும். அவசரப்பட்டுப் பொட்டை அழித்தால் காரணத்தைச் சொல்லும் பதிவுகளும் (லொக்) கைவிட்டுப் போகும். முந்தைய கொள்கலனின் பதிவையே முதலில் வாசிக்க வேண்டும்.

படிமத்துக்கு (கொள்கலனை உருவாக்கப் பயன்படும் மூலக் கோப்புத் தொகுதி) லேட்டஸ்ட் என்ற குறியை இட்டால், பொட் தொடங்கும் ஒவ்வொரு முறையும் படிமங்களை வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தைத் தொடர்புகொள்வதே இயல்பு அமைப்பு. மாரி மழையில் இணையம் அறுந்த நாளில், படிமம் மடிக்கணினியிலேயே இருந்தும் பொட் எழாது. பதிப்பு எண்ணை எழுதினால் உள்ளிருக்கும் படிமமே போதும்.

சீக்ரெட்டில் (கடவுச்சொல் போன்றவற்றை வைக்கும் குபர்நெட்டிஸ் பகுதி) இட்ட கடவுச்சொல் பேஸ்64 வடிவில் இருப்பதைப் பூட்டப்பட்டதாக நம்பி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் சிலர் ஏற்றிவிடுகிறார்கள். அது வெறும் எழுத்துமாற்றம். எவரும் ஒரே கட்டளையில் திருப்பி வாசிக்கலாம்.