தவக்கால ஒருசந்தி: யாருக்கு, எந்த நாளில்?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து மயங்கி விழுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை அதைக் கேட்கவே இல்லை.

ஒருசந்தி நோன்பு கட்டாயமான நாள்கள் இரண்டே: திருநீற்றுப் புதன், இயேசு சிலுவையில் இறந்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது வரை உள்ளவர்கள் அன்று ஒருவேளை மட்டும் வயிறார உண்ணலாம். மற்ற இரு வேளைகளில் சிறிதளவு உணவு போதும். இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டைத் தாண்டக் கூடாது. தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு விலக்கு உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவர்கள் வீம்புக்குப் பட்டினி கிடக்க வேண்டாம். வேறொரு தவமுயற்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இந்த இரு நாள்களிலும் தவக்கால வெள்ளிகளிலும் 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சியை விலக்க வேண்டும். மீன், முட்டை, பால் சாப்பிடலாம். அதற்காக வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்குமாக விருந்து வைத்தால், சட்டம் மீறப்படவில்லை என்பதைத் தவிர வேறென்ன மிச்சம்?

திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள்கள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் தவக்காலத்தின் நாற்பது நாள்கள். ஞாயிறு இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அதை நோன்பு நாளாக எண்ணுவதில்லை.

இறைச்சிக்குச் செலவிடும் பணத்தை வாராவாரம் ஓர் உண்டியலில் போட்டு வாருங்கள். ஈஸ்டருக்கு முன்பே அதை உங்கள் தெருவில் கஷ்டப்படும் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.