கடைவீட்டு ஆபீசுக்கு வைஃபை போடுவது எப்படி

பினாங்கு லெபோ பசார் பக்கம் ஒரு கணக்கு ஆபீஸ். பழைய கடைவீடு. அகலம் குறைவு, நீளம் 30 மீட்டருக்கு மேல். ரவுட்டர் முன் கவுண்ட்டரில். பின்னறை அக்கா என்னைப் பார்த்ததுமே போனைத் தூக்கிக் காட்டினார்: "தம்பி, இங்க ஒரு கோடுதான். பிரிண்ட் கொடுத்துட்டு டீ குடிச்சிட்டு வந்தாத்தான் காகிதம் வருது."

முதலாளி ஏற்கெனவே ஒரு ரிப்பீட்டர் வாங்கி நடுவில் சொருகியிருந்தார். மலிவான ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும், வேகம் பாதியாகிவிடும். போனில் கோடு நிறையத் தெரியும், வேலை நடக்காது. கழற்றிக் கையில் கொடுத்துவிட்டேன்.

அக்சஸ் பாயிண்ட் (சுருக்கமாக ஏபி) அப்படியில்லை. கேபிளில் வருவதை நின்ற இடத்தில் வைஃபையாக்கித் தரும். ஆகவே முதலில் கேபிள் இழுங்கள். கேட்6 ரக நெட்வொர்க் கேபிள் போதும், ஒரு இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. பிஓஇ ஸ்விட்ச் (கேபிள்களைச் சேர்த்து, அவற்றில் கரண்டும் அனுப்பும் நெட்வொர்க் பெட்டி) இருந்தால் அதே கேபிளில் கரண்டும் போகும், உத்தரத்தில் பிளக் தேட வேண்டாம். ஆனால் வாட் கணக்கைப் பாருங்கள்: 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் போர்ட் 15.4 வாட் தரும், 802.3ஏடி தரத்தில் 30 வாட். புதிய மாடல்கள் பலவற்றுக்கு ஏடி வேண்டும். பெட்டியில் மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

எங்கே மாட்டுவது? இதில்தான் அவசரப்படக் கூடாது. ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். பழைய சுவரில் நினைத்த இடத்தில் துளை போட முடியாது. அந்தத் தடித்த செங்கல் சுவரைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை சோர்ந்துவிடும். அக்சஸ் பாயிண்டை ஏணியின் உச்சியில் டேப் போட்டு ஒட்டி, போனில் சிக்னல் ஆப்பைத் திறந்து அறை அறையாக நடந்தேன். மேசையில் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்ல சிக்னல் கிடைத்தால் சரி. நடு முற்றத்தைப் பார்த்தபடி, சாரல் படாத உத்தரத்தை ஒட்டி ஏணியை வைத்ததும் மாடிக்கும் சேர்த்தே எட்டியது. திறந்த முற்றம் சிக்னலுக்கு வாசல் மாதிரி. அங்கே ஒன்று, பின்னறையில் ஒன்று. முடிந்தது.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஏபிக்கு ஒன்று, வெவ்வேறாக. பக்கத்துப் புடவைக்கடையும் நகைக்கடையும் அங்கேதான் கத்திக்கொண்டிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பவரை முழுசாக ஏற்றாதீர்கள். ஏற்றினால் பின்னறைக்குப் போன பிறகும் போன் முற்றத்து ஏபியையே பிடித்துத் தொங்கும்.

பழைய ரவுட்டரை ஏபியாகப் பயன்படுத்துகிறீர்களா? கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் அதன் டிஎச்சிபியை அணைத்துவிட்டுச் சொருகுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், சம்பள நாளன்று பாதி ஆபீசுக்கு இணையம் இல்லாமல் செய்தவன்.

அப்புறம் பூட்டு. முதலில் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், பட்டன் அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். வைஃபை பூட்டு வகையில் டபிள்யூபிஏ3 போடுங்கள், பழைய பிரிண்டர் முரண்டு பிடித்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், அதற்குக் கீழே வேண்டாம். ஊழியர் ஒருவர் வேலையை விட்டால் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆள் அதிகமென்றால் ஆளுக்கொரு லாகின் தரும் 802.1எக்ஸ் நல்லது.

இந்த ஆபீசில் கவுண்ட்டரில் ஆபீஸ் பாஸ்வேர்டையே எழுதி ஒட்டியிருந்தார்கள்! வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் இருக்கும் நெட்வொர்க் அது. வருகிறவர்களுக்குத் தனி வைஃபை பெயர் கொடுத்து, அதைத் தனி விலானில் (ஒரே கேபிளில் ஓடினாலும் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்) போட்டேன்: ஆபீஸ் 10, விருந்தினர் 20, சிசிடிவி 30. இதற்கு விலான் தெரிந்த ஸ்விட்ச் வேண்டும். ஏபிக்குப் போகும் போர்ட்டில் அந்த எண்களை டேக் செய்ய (அடையாளமாகச் சேர்க்க) வேண்டும். விலான் பிரித்தால் மட்டும் போதாது, 20இலிருந்து 10க்குப் போகும் வழியை ரவுட்டர் ஃபயர்வாலில் அடைக்க வேண்டும். விருந்தினர் போன்கள் ஒன்றையொன்று பார்க்காமலிருக்க கிளையண்ட் ஐசோலேஷனையும் போட்டுவிடுங்கள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா போனோடு வந்தார். "தம்பி, கோடு நிறைய இருக்கு, பிரிண்டரைத்தான் காணோம்."

வாங்கிப் பார்த்தேன். கவுண்ட்டரில் ஒட்டிய புதுச் சீட்டைப் பார்த்து விருந்தினர் வைஃபையில் ஏறியிருந்தார்.