நாலு கோடி இலக்க எண்ணை நோட்டுத் தாளில் பிடிப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பெரிய பகா எண் என்றாலே அது கம்ப்யூட்டர் வேலை என்று எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறவர்கள்கூட ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. 2024 அக்டோபரில் அறிவித்தார்களே, அமெரிக்கர் லூக் டியூரன்ட் கண்டுபிடித்த பகா எண், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஐ 13,62,79,841 தடவை எழுதிப் பெருக்கி, வருவதில் 1 கழிக்க வேண்டும்.

முதலில் அதன் கடைசி இலக்கம். 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் விடை 2, 4, 8, 6 என்றே மாறி மாறி முடியும். அடுக்கை, அதாவது 13,62,79,841-ஐ, 4-ஆல் வகுத்து மீதி பாருங்கள். கடைசி 41 மட்டும் போதும், மீதி 1. ஆக பெருக்கி வருவது 2-இல் முடியும், ஒன்றைக் கழித்தால் நம் எண் 1-இல் முடியும்.

இலக்கம் எத்தனை? அடுக்கை 2-இன் மடக்கையான (log) 0.30103-ஆல் பெருக்கினால் நாலு கோடியே பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. துல்லியமாக 4,10,24,320.

இனி முக்கியமானது: பகா எண்தானா என்று சோதிப்பது. பிரெஞ்சுக்காரர் லூக்கா 1876-இல் 39 இலக்க எண் ஒன்றைக் கையாலேயே சோதித்த வழி இது. பிறகு லேமர் சீராக்கினார். டியூரன்டின் எண்ணை உறுதிசெய்ததும் இதே முறைதான்.

நாம் 127-இல் போட்டுப் பார்ப்போம். அது 2-இன் 7-ஆம் அடுக்கில் 1 குறைவு. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வையுங்கள். அடுக்கில் 2 குறைத்தால் 5. அத்தனை தடவை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் மீதி பூஜ்யம் வந்தால் அது பகா எண்.

4, 14, 67, 42, 111 என்று வரும். 67-இன் வர்க்கத்தில் 2 போனால் 4487. இதை 127-ஆல் வகுத்துச் சிரமப்பட வேண்டாம். 128-ஆல் வகுங்கள்: ஈவு 35, மீதி 7. இரண்டையும் கூட்டினால் 42, அதுதான் விடை. இந்தக் குறுக்குவழிதான் இந்த எண்களைச் சோதிப்பதை இவ்வளவு லேசாக்குகிறது.

111 வந்ததும் கோவிந்தாபுரம் பக்கமிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண், "டீச்சர், இது மைனஸ் 16 தானே?" என்றாள். ஆமாம், 127-க்கு 16 குறைவு. 16-இன் வர்க்கம் 256, இரண்டு போக 254, அது 127-இன் இரு மடங்கு. மீதி பூஜ்யம், 127 பகா எண். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒன்று கவனியுங்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 11 பகா எண். ஆனால் 2-இன் 11-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் 2047 என்பது 23 பெருக்கல் 89. அதில் இதே முறையைப் போட்டால் கடைசியில் 1736 நிற்கும், பூஜ்யம் வராது.

அடுத்து 8191-ஐ நீங்களே போடுங்கள். அடுக்கு 13, ஆக 11 தடவை. வகுக்க வேண்டியது 8192-ஆல். பத்தாவது தடவையில் 128 வந்தால் வழி தப்பவில்லை.